நியூகாசில் ஜெர்சியில் ‘வொங்கா’ என்று இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

வியாசை கீப்பர்:

எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருத்தர் பழைய ஜெர்சிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இங்கிலாந்து நியூகாசில் அணியின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜெர்சியும் இருந்தது. நெஞ்சில் கொட்டை எழுத்தில் ‘வொங்கா’. “கோச், இது எந்த பிளேயர் பேரு?” என்று பையன்கள் கேட்கிறார்கள்.

நெட்டில் தேடினால் பணத்துக்கு அந்த ஊர் லோக்கல் சொல் என்று வருகிறது. கடன் கொடுக்கிற கம்பெனி என்றும் வருகிறது. கேரம் கிளப் அண்ணன் ஒருவர் “டேய், அது நம்ம ‘வாங்க’டா, ஹார்பர்ல இருந்து போனது” என்று அடித்துச் சொல்கிறார். உண்மையிலேயே அந்த ஊரில் இப்படிப் பேசுகிறார்களா? எங்கிருந்து வந்த சொல்? பையன்களிடம் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

---

காசிமேட்டுப் பொண்ணு:

தம்பி, நான் பிறந்தது காசிமேடு, இப்போது லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி வேலை, நாள் முழுக்க இந்த ஊர்க்காரர்களோடுதான் பேச்சு. வொங்கா என்றால் பணம்தான். ஆனால் எண்ணிக்கைக்கு வராத சொல். பத்து வொங்கா, நூறு வொங்கா என்று யாரும் சொல்வதில்லை. “அவன்கிட்ட வொங்கா நிறைய இருக்கு” என்பார்கள், நாம் துட்டு என்று சொல்கிற தோரணையில். சின்னப் பிள்ளைகள் இப்போது அதிகம் சொல்வதில்லை. நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் வாயில்தான் வரும்.

எண்ணிச் சொல்வதற்கு இருப்பது க்விட். ஒரு பவுண்டுக்கு ஒரு க்விட், நூறு பவுண்டுக்கும் நூறு க்விட்தான், பன்மையே கிடையாது. 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே புழங்குகிற சொல் அது. ஐந்து பவுண்டு நோட்டு ஃபைவர், பத்து பவுண்டு டென்னர், ஆயிரம் கிராண்ட். வயதான நோயாளிகள் இன்னும் ‘பாப்’ என்பார்கள், அது பழைய ஷில்லிங். 1971 பிப்ரவரி 15 வரைக்கும் இங்கே ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்று கணக்கு. நம் ஆயாக்கள் நாலணா எட்டணா என்று சொன்னது போல இவர்களுக்கு அந்தப் பழைய கணக்கு நாக்கிலேயே தங்கிவிட்டது.

இன்னொன்று, நம் வீட்டில் ‘அஞ்சு பவுன் செயின்’ என்கிறோமே, அந்தப் பவுனும் இந்தப் பவுண்டும் ஒன்றுதான். ஒரு பவுண்டு மதிப்புள்ள தங்கக் காசுக்கு சாவரின் என்று பெயர், எடை 7.98 கிராம். அதைத்தான் எட்டு கிராமாக முழுசாக்கி நம் ஊர் நகைக்கடையில் சவரன் என்று விற்கிறார்கள். ஆக, ஒரு க்விட்டின் பழைய தங்க உருவத்தை நம் வீட்டுப் பெண்கள் கழுத்தில் போட்டிருக்கிறார்கள்!

வொங்கா எங்கிருந்து வந்தது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

தமிழ்வேர்:

கேரம் கிளப் அண்ணன் சொன்னதுதான் சரி என்பது என் கருத்து. கம்பெனி காலத்திலிருந்தே இந்தியாவிலிருந்து கப்பல் வேலைக்குப் போன லஸ்கர்கள் கிழக்கு லண்டன் துறைமுகத்தில் இறங்கித் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்திருப்பார்கள். கூலி வாங்க, சம்பளம் வாங்க, கடன் வாங்க என்று பணம் வருகிற இடத்தில் எல்லாம் ‘வாங்க’ வருகிறது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்குள் போகும்போது இது மட்டும் ஏன் போகாது?

இன்னொரு சான்று: லண்டன்காரர்கள் 500 பவுண்டை ‘மங்கி’ என்கிறார்கள், 25 பவுண்டை ‘போனி’ என்கிறார்கள். பழைய இந்திய 500 ரூபாய் நோட்டில் குரங்குப் படம் இருந்ததாம், அதைப் பார்த்த சிப்பாய்கள் கொண்டுபோன சொல்லாம். பணத்துக்கான அவர்கள் சொற்கள் நம் மண்ணிலிருந்து போனவைதான்.

---

ராயபுரம் மெய்ப்பு:

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவன். அகராதி வேலைகள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. கோச் தம்பி பையன்களிடம் சரியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வொங்கா என்பது கரி. நிலக்கரி, அடுப்புக்கரி, தணல் எல்லாவற்றுக்குமான கரி. சொல் ரோமானி மொழியுடையது. ஐரோப்பா முழுக்க வண்டி கட்டிக்கொண்டு திரிந்த ரோமா மக்களின் மொழி அது. இங்கிலாந்துக்காரர்கள் அவர்களை எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று நினைத்து ஜிப்ஸி என்று பெயர் வைத்தார்கள். 1530-ல் அவர்களை நாட்டைவிட்டே விரட்ட இயற்றிய சட்டத்துக்கும் எகிப்தியர் சட்டம் என்றுதான் பெயர். ஆனால் அவர்கள் பேசியது எகிப்து மொழி அல்ல, நம் வட இந்திய மொழிகளின் உடன்பிறப்பு. 1780-களிலேயே ஜெர்மன் அறிஞர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ரோமானியில் தண்ணீருக்கு பானி. ஒன்று இரண்டு எண்ணினால் யேக், துய். மூக்குக்கு நாக். சௌகார்பேட்டைக்குப் போய் இந்தச் சொற்களைச் சொன்னால் அங்கே எந்தக் கடைக்காரருக்கும் புரியும்.

அந்த மொழியில் கரிக்கு அங்கார். இங்கிலாந்து ரோமாக்கள் வாயில் அது வங்கர், வோங்கர் என்று ஆனது. ஜார்ஜ் பாரோ என்பவர் ரோமாக்களோடு பழகி, 1874-ல் அவர்களுடைய சொற்களைத் தொகுத்து அகராதியாக வெளியிட்டார். அதில் வோங்கர் என்றால் கரி, பணத்துக்கும் சொல்வார்கள் என்று எழுதி, சமஸ்கிருத அங்காரத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறார். தமிழிலும் இந்த அங்காரம் இருக்கிறது. செவ்வாய்க் கிரகத்துக்கு அங்காரகன் என்று சொல்கிறோமே, தணல் போலச் சிவந்தவன் என்று, அதே சொல்தான்.

ஆகவே தமிழ்வேர் அவர்களே, சொல் இந்தியாவிலிருந்து போனது என்ற வரையில் உங்கள் ஊகம் நிற்கிறது. ஆனால் போன வழி கப்பல் வழி அல்ல. ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன் வடக்கிலிருந்து கிளம்பி, பாரசீகம், பைசாந்தியம், பால்கன் நாடுகள் வழியாகத் தலைமுறை தலைமுறையாக நடந்தே போனவர்கள் கொண்டுபோன சொல். அந்தப் பெருமை அவர்களுடையது. போகிற ஊரில் எல்லாம் அடிபட்டவர்கள் அந்த மக்கள். அவர்கள் காப்பாற்றி வைத்திருந்த சொல்லை ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக நாம் எடுத்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. கட்டுமரத்துக்கும் சுருட்டுக்கும் பழைய ஏட்டில் சாட்சி இருக்கிறது. ‘வாங்க’வுக்கு ஒரு வரி சாட்சி கூட யாரும் காட்டியதில்லை. வோங்கருக்கு 1874-லேயே இருக்கிறது.

குரங்கு நோட்டுக் கதையும் அப்படித்தான். 500 ரூபாய் நோட்டில் குரங்குப் படம் என்று சொல்கிறவர்கள் யாரும் அந்த நோட்டைக் காட்டியதில்லை. போனி என்ற சொல்லோ 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இங்கிலாந்துச் சூதாட்டப் பேச்சில் வந்துவிட்டது. இந்தியாவைச் சேர்த்துச் சொன்னால் கதைக்கு ஒரு மினுக்கு வருகிறது, அதனால் ஆளுக்கு ஆள் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

சரி, கரி எப்படிப் பணமானது? ஆங்கிலத் திருடர்கள், சூதாடிகளின் பேச்சில் ரோமானிக்கு வெளியேயும் ‘கோல்’, அதாவது கரிக்கான ஆங்கிலச் சொல், பணத்துக்கும் இருந்திருக்கிறது. 1785-ல் வந்த கொச்சைச் சொல் அகராதியிலேயே அது உண்டு, ‘கோலை வை’ என்றால் ‘பணத்தைக் கீழே வை’ என்று பொருள். அதைப் பார்த்துத்தான் ரோமாக்களும் தங்கள் கரிச்சொல்லைப் பணத்துக்கு ஆக்கியிருப்பார்கள் என்பது பாரோவின் ஊகம். இருக்கலாம். ஆனால் அதற்கும் அடியில் ஒரு காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம், அதை நான் ராயபுரத்தில் வளர்ந்ததால் சொல்கிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் கரி இறக்குகிற வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் கொடியில் காயப்போட்ட வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். காறித் துப்பினால் கறுப்பாக வரும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கரி முழுக்க எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது, எங்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எண்ணூர், அத்திப்பட்டு ஜனங்கள் பாவம், அவர்கள் பக்கம் தூசு நின்றபாடில்லை.

ஆனால் அதே கரிதான் எங்கள் தெருவில் பல வீட்டுக்குக் காசு. நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் பேசின் பிரிட்ஜ் பக்கம் எஞ்சினிலிருந்து சாம்பலைத் தள்ளுவார்கள். பெண்கள் கூடையும் சல்லடையும் எடுத்துக்கொண்டு போய், பாதி எரிந்த கரியைச் சலித்துப் பொறுக்கிவருவார்கள். அவித்த கரி என்று அதற்குப் பெயர். வீட்டு அடுப்புக்குப் போக மிச்சத்தை டீக்கடை பாய்லருக்குக் கொடுப்பார்கள். டீக்கடைக்காரர் சில நாள் காசு கொடுப்பார், சில நாள் கரிக்குப் பதில் டீயும் பொறையும் கொடுப்பார். கூடை கரிக்கு இன்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். மளிகைக் கடையில் கூட “கரி வந்ததும் தரேன்” என்று கடன் சொல்லலாம். கரி கையில் இருந்தால் காசு கையில் இருந்த மாதிரிதான். குளிர் நாட்டில் வண்டியிலேயே குடித்தனம் நடத்தி, ராத்திரிக்குத் தணல் இல்லாவிட்டால் பிள்ளைகள் விறைத்துப்போகும் என்கிற மக்களுக்கு கரியும் பணமும் ஒரே சொல்லில் வந்து நின்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அகராதிக்காரர்கள் இந்தக் காரணத்தை எழுதவில்லை, இது என்னுடைய வாசிப்பு.

ரோமாக்கள் குதிரைச் சந்தையிலும் திருவிழாக் கடைகளிலும் ஆங்கிலேயரோடு கலந்து வேலை செய்தார்கள். சந்தைக்காரர்கள் வாய்க்கு அந்த வழியாகச் சொற்கள் போயின. நண்பனைக் குறிக்கிற ‘பால்’ என்ற ஆங்கிலச் சொல் அப்படிப் போனதுதான், ரோமானியில் அதற்குச் சகோதரன் என்று பொருள். வோங்கர் ரொம்ப நாள் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்து, 1980-களில்தான் வொங்காவாகப் பத்திரிகையிலும் டிவியிலும் எல்லார் வாய்க்கும் வந்தது.

கோச் தம்பி, உங்கள் ஜெர்சியில் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. நியூகாசில் இங்கிலாந்தின் கரி நகரம். லண்டன் அடுப்புகளுக்குப் பல நூற்றாண்டுகள் அங்கிருந்துதான் கப்பலில் கரி வந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு அவர்கள் ‘நியூகாசிலுக்குக் கரி கொண்டுபோவது’ என்பார்கள். அந்த ஊர் அணியின் நெஞ்சில் கரி என்ற சொல்லையே எழுதியிருக்கிறார்கள், அதைப் போட்டு விளையாடியவர்களில் பல பேருக்கு அது தெரிந்திருக்காது.

---

தமிழ்வேர்:

ஐயா, சாட்சி கேட்டீர்கள், என்னிடம் இல்லை, ஏற்றுக்கொள்கிறேன். ரோமா மக்கள் பற்றி இவ்வளவு தூரம் நான் யோசித்ததில்லை. அப்படியானால் ஆங்கில ‘கேஷ்’? அது நம் காசுதானே? அதையும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

---

ராயபுரம் மெய்ப்பு:

அதில் பாதி நம்முடையது. ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் உண்டு. கையிருப்புப் பணம் என்ற கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கிற பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. சின்னச் செப்புக் காசுக்கு வெள்ளைக்காரர்கள் சொன்ன கேஷ்தான் நம் காசு, போர்த்துகீசியர் வழியாகப் போனது. சென்னைப்பட்டணத்துக் கம்பெனிக் கணக்கிலேயே 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று எழுதினார்கள். சீனாவின் சதுர ஓட்டைக் காசுக்கும் ஆங்கிலத்தில் கேஷ் என்றுதான் பெயர், அதுவும் நம் சொல்தான். நம் சொல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள்! இதை அழுத்தமாகவே சொல்லலாம், சாட்சி இருக்கிறது.

---

வியாசை கீப்பர்:

ஐயா, ரொம்ப நன்றி. கேரம் கிளப் அண்ணனுக்கு இந்தப் பதிலைப் படித்துக் காட்டினேன். அவருடைய அம்மாவும் பேசின் பிரிட்ஜில் கரி பொறுக்கியவராம், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கடன் கம்பெனி பற்றியும் யாராவது சொல்லுங்கள். வருடத்துக்கு 5853 சதவீதம் வட்டி என்று படித்தேன். அச்சுப் பிழையா? எங்கள் அம்மா தண்டல் கட்டிக் கட்டித்தான் என்னைப் படிக்கவைத்தார். அந்தத் தண்டலிலேயே இவ்வளவு இருந்திருக்காதே?

---

காசிமேட்டுப் பொண்ணு:

பிழை இல்லை தம்பி. அவர்களே விளம்பரத்தில் போட்ட கணக்கு: 150 பவுண்டு கடன், 18 நாளில் 183.49 பவுண்டாகத் திருப்ப வேண்டும். பார்த்தால் 33 பவுண்டுதானே என்று தோன்றும். ஆனால் வட்டியோடு சேர்த்து அதே வேகத்தில் வருடம் முழுக்கக் குட்டி போட்டால் 5853 சதவீதம் ஆகிறது. சம்பளத்துக்கு முந்தின வாரம் கை கடிக்கிறவர்கள்தான் வாங்கினார்கள், போனிலேயே சில நிமிடத்தில் பணம் வந்துவிடும். என்னோடு வேலை செய்கிற பெண்களில் சிலர் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று மாட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

2013 முதல் 2017 வரை நியூகாசில் ஜெர்சியில் அவர்கள் பெயர் இருந்தது. ஆரம்பத்திலேயே செனகல் வீரர் பாப்பிஸ் சிஸ்ஸே, வட்டித் தொழில் செய்கிற பெயரைப் போட முடியாது, என் மார்க்கத்துக்கு விரோதம் என்று தயங்கினார், பிறகு சமாதானம் ஆனது. அதே வருடம் இங்கிலாந்துச் சர்ச்சின் தலைமைக் குருவான கேன்டர்பரி பேராயர், மலிவு வட்டிக் கடன் சங்கங்களைச் சர்ச் வளர்த்து உங்கள் தொழிலையே இல்லாமல் செய்வோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2015 ஜனவரியில் இங்கே நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கிற அமைப்பு உச்சவரம்பு கொண்டுவந்தது: ஒரு நாளைக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, வட்டியும் கட்டணமும் சேர்ந்து வாங்கிய கடனைத் தாண்டக் கூடாது. 2018 ஆகஸ்டில் கம்பெனி திவாலானது.

---

தண்டையார்பேட்டை குழு:

மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறேன். தம்பி, உங்கள் அம்மா கட்டிய தண்டலையும் அதே முறையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான தண்டல் என்ன? பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாள் வசூல். ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது, வட்டி குறைவதில்லை. லண்டன்காரர்கள் முறையில் போட்டால் வருடத்துக்குச் சுமார் 230 சதவீதம் வருகிறது. 5853 இல்லைதான், ஆனால் மீன்கூடைக்கும் இட்லிக்கடைக்கும் இது தாங்காது. ஒரு நாள் தவறினால் வாசலில் நின்று கத்துவது தனி.

நம் மாநிலத்தில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, நாள் வட்டி, தண்டல் என்று தெருவில் சொல்கிற பெயர்களையே அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். அரசு நிர்ணயித்ததற்கு மேல் வட்டி வாங்கினால் மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கியவரே நீதிமன்றத்தில் மனு போட்டு, நியாயமான வட்டியோடு பணத்தைக் கட்டிவிட்டுக் கணக்கை முடிக்கவும் அதில் வழி இருக்கிறது. இது நிறைய பேருக்குத் தெரியாது. பையன்களுக்கு வொங்கா சொல்லிக்கொடுக்கும்போது இதையும் சொல்லுங்கள், அவர்கள் வீட்டிலும் யாராவது தண்டல் கட்டிக்கொண்டிருப்பார்கள். விவரம் வேண்டும் என்றால் இங்கேயே கேளுங்கள், எந்த அலுவலகத்தில் எப்படி மனு எழுதுவது என்று நான் சொல்கிறேன்.